ஃபெனிடாயினா, லெவடிராசிட்டமா, வால்ப்ரோயேட்டா: ஃபிட்ஸ் நிற்காத நோயாளிக்கு ஐ.வி.யில் எதைக் கொடுப்பது?

இரவு டூட்டி பார்க்கும் பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. நோயாளிக்கு ஃபிட்ஸ் நிற்கவில்லை. லோராசிபாம் போட்டாயிற்று. அலமாரியில் எப்டாயினும் (ஃபெனிடாயினின் வணிகப் பெயர்) இருக்கிறது, லெவடிராசிட்டமும் இருக்கிறது, வால்ப்ரோயேட்டும் இருக்கிறது. ஒரு சீனியரிடம் கேட்டால் "எப்டாயின் லோட் பண்ணு (ஆரம்பத்து முழு அளவை ஏற்று)" என்கிறார். அடுத்த யூனிட்காரரோ "இந்தக் காலத்தில் யாருப்பா எப்டாயின் போடுறாங்க" என்கிறார். இருவர் சொல்வதிலும் தவறில்லை என்பதுதான் குழப்பமே.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிப்பை நிறுத்தும் திறனில் இந்த மருந்துகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. கொடுக்கும்போது எங்கே கை தவறும், தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் மலையளவு வித்தியாசம். அதனால் நோயாளியின் சிரை, இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்ப்பதோடு, அந்த நேரத்தில் வார்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இது மருத்துவமனைப் பணியாளர்களுக்கான கட்டுரை. உங்கள் யூனிட்டில் எழுதிவைத்த நெறிமுறை இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை.

## மருந்தை உடைப்பதற்கு முன்

வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் அதைத் தொடர் வலிப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சுவழி, ஆக்சிஜன், ஐ.வி. லைன், குளுக்கோமீட்டர் எல்லாம் முதல் சில நிமிடங்களுக்குள். சர்க்கரை குறைந்து வந்த ஃபிட்ஸுக்கு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) தான் மருந்து. கர்ப்பிணிக்கோ இப்போதுதான் பிரசவித்தவருக்கோ ரத்த அழுத்தம் கூடி ஃபிட்ஸ் வந்தால் மக்னீசியம் சல்ஃபேட்; இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் அதற்கு மாற்றாகாது.

அடுத்தது பென்சோடயசிபைன் (லோராசிபாம், மிடசோலம் வகை மருந்து), அதுவும் முழு அளவு. பெரியவர்களுக்கு லோராசிபாம் 4 மி.கி. ஐ.வி., லைன் கிடைக்கவில்லை என்றால் 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு மிடசோலம் 10 மி.கி. தசையில். மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் லோராசிபாம் 2 மி.கி. மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீண்டுகொண்டே போகும் வலிப்பே மூச்சை அதிகம் கெடுக்கும். அரை அளவு போட்டுவிட்டு, நிற்கவில்லையே என்று அடுத்த மருந்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

## எதையெல்லாம் எடைபோட வேண்டும்

இந்த இடத்தில்தான் இரண்டாவது மருந்து வருகிறது. நான் பார்ப்பது இவ்வளவு: எத்தனை நிமிடத்தில் முழு அளவும் உள்ளே போகும், எந்த சிரை, எந்த சலைன் வேண்டும், இதயத்துக்கும் பி.பி.க்கும் என்ன ஆகும். கல்லீரல், சிறுநீரகம், ஏற்கெனவே ஓடும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா. கலக்குவதில் எத்தனை படிகள், எத்தனை கணக்குகள். நாளைக்குக் காலையில் என்ன தலைவலி காத்திருக்கிறது என்பதும் உண்டு.

திறன் பற்றி ஒரே ஒரு பத்தி போதும். அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான 'ஈசெட்' ஆய்வு, பென்சோடயசிபைனுக்கு அடங்காத வலிப்புக்கு மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஒரு மணி நேரத்தில் வலிப்பு நின்று நினைவும் தேறியவர்கள் லெவடிராசிட்டத்தில் 47%, ஃபாஸ்ஃபெனிடாயினில் (உடலுக்குள் ஃபெனிடாயினாக மாறுவது) 45%, வால்ப்ரோயேட்டில் 46%. எது வென்றது என்று சொல்ல முடியாத கணக்கு. அதே ஆண்டு குழந்தைகளிடம் லெவடிராசிட்டத்தையும் ஃபெனிடாயினையும் ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் வந்தன. பிரிட்டன் ஆய்வில் லெவடிராசிட்டம் கொஞ்சம் முந்தியது (70%, 64%). ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வில் ஃபெனிடாயின் கொஞ்சம் முந்தியது (60%, 50%). இரண்டிலுமே வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. ஈசெட் எண்களை இன்னொரு தரம் பாருங்கள். எதைப் போட்டாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதவில்லை. ஆகவே மயக்க மருந்துக்கும் ஐ.சி.யு.வுக்கும் ஏற்பாடு இந்த மருந்து ஓடும்போதே தொடங்க வேண்டும்.

## ஃபெனிடாயின்: பழகிய மருந்து, பழகியதால் வரும் ஆபத்து

1938 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். தூக்கத்தை அதிகம் தராததால் நோயாளியின் நினைவு தேறுகிறதா என்று பார்க்க வசதி. இந்த நல்ல குணங்களெல்லாம் மருந்துக்கு உரியவை. தொல்லை முழுக்க ஊசியில் இருக்கிறது.

ஃபெனிடாயின் தண்ணீரில் கரையாது. அதைக் கரைத்துவைக்க ஆம்ப்யூலில் 40% புரோப்பிலீன் கிளைக்கால், 10% ஆல்கஹால், பி.எச். 12 என்ற கடும் காரத்தன்மை. சிரைக்கு வெளியே கசிந்தால் திசு வெந்துபோகும். காரம் குறைந்தால் மருந்து படிகமாகிவிடும். டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். நார்மல் சலைன் மட்டுமே.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்தது. சர்க்கரை குறைந்து ஃபிட்ஸோடு வந்த ஒரு பெரியவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிட்ஸ் நிற்காததால் எப்டாயின் எழுதினேன். இருந்தது ஒரே வென்ஃப்ளான் (சிரையில் செருகும் ஐ.வி. ஊசிக்குழாய்). அந்த லைனிலேயே மருந்து ஏறியது. சில நொடிகளில் குழாய்க்குள் பால் ஊற்றியதுபோல வெள்ளை. பார்த்த சிஸ்டர்தான் கிளாம்பைப் பிடித்து மூடினார், எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. யோசித்துப் பாருங்கள்: சர்க்கரை குறைந்தவர்களுக்கு ஃபிட்ஸ் வரும், அவர்களுக்குத்தான் டெக்ஸ்ட்ரோஸ் ஓடும். இந்த விபத்து நடப்பதற்கென்றே அமைந்த சூழ்நிலை அது. ஃபெனிடாயினுக்குத் தனி லைன் வேண்டும். முடியாவிட்டால் முன்னும் பின்னும் சலைனால் நன்றாக ஃப்ளஷ் செய்ய வேண்டும்.

கணக்குக்கு வருவோம். கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 60 கிலோ நோயாளிக்கு 1200 மி.கி. 100 மி.கி. ஆம்ப்யூல் 12ஐ உடைக்க வேண்டும், மொத்தம் 24 மி.லி. 100 மி.லி. சலைனில் போட்டால் மி.லி.க்கு ஏறக்குறைய 10 மி.கி., 200 மி.லி.யில் போட்டால் 5க்குச் சற்று மேல். இந்த 5க்கும் 10க்கும் நடுவில் இருப்பதுதான் நல்லது. "நிறைய தண்ணி கலந்தால் பாதுகாப்பு" என்று 500 மி.லி. பாட்டிலில் போட்டால் படிகமாகும் ஆபத்து கூடுகிறது. கலந்தவுடன் தொடங்கிவிட வேண்டும். கலந்து வைத்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் கதை வேண்டாம். லைனில் 0.22 மைக்ரான் ஃபில்டர் இருந்தால் போடுங்கள்.

வேகம் நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போகவே கூடாது. வயதானவர், இதய நோயாளி என்றால் 25 அல்லது அதற்கும் கீழே. குழந்தைகளுக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வேகம் கூடினால் பி.பி. விழும், இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கட்டம் போட்ட எச்சரிக்கையாகவே அச்சிடச் சொல்லியிருக்கிறது. ஃபெனிடாயின் ஊசியில் நடக்கும் தவறுகளால் உயிர் போகலாம் என்று இங்கிலாந்தின் என்.எச்.எஸ். 2016இல் எல்லா மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது.

வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாத வார்டுக்கு ஒரு கணக்கு. 1200 மி.கி.யை 100 மி.லி. சலைனில் கலந்தால் மொத்தம் 124 மி.லி. அதை 40 நிமிடத்தில் விட்டால் நிமிடத்துக்கு 30 மி.கி. மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 62 சொட்டு. எண்ண முடிகிற வேகம் இது. 24 நிமிடத்தில் முடிக்க நினைத்தால் 100 சொட்டைத் தாண்டும், அதை யாரும் நம்பிக்கையோடு எண்ண முடியாது. அந்த 40 நிமிடமும் ஈ.சி.ஜி. மானிட்டர் ஓட வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்க வேண்டும். விழுந்தால் நிறுத்திவிட்டு, தேறிய பிறகு மெதுவாகத் தொடர வேண்டும்.

சிரை பெரியதாக இருக்கட்டும்: முழங்கை மடிப்பு, 18 அல்லது 20 கேஜ். புறங்கையில் உள்ள நூல் போன்ற சிரையில் ஏற்றினால் சில மணி நேரம் கழித்து வலி, வீக்கம், ஊதா நிறம். 'ஊதாக் கையுறை' என்றே அதற்குப் பெயர். வெளியே கசிந்த அறிகுறி ஏதும் இல்லாமலும் இது வரும். ஆகவே டிரிப் முடிந்ததும் கையை மறந்துவிடாதீர்கள். அடுத்த டூட்டியும் அந்தக் கையைப் பார்க்க வேண்டும்.

சரி, யாருக்கு வேண்டாம்? நாடித்துடிப்பு மிகக் குறைந்தவர், ஹார்ட் பிளாக்கில் (இதயத்தின் மின்கடத்தல் தடைபடுவது) இரண்டாம், மூன்றாம் நிலை உள்ளவர், பி.பி. ஏற்கெனவே விழுந்தவர். மது நிறுத்தியதால் வரும் ஃபிட்ஸுக்கும் பல விஷங்களால் வரும் ஃபிட்ஸுக்கும் இது பெரிதாக உதவாது. கண் சிமிட்டும் நேரம் நினைவு தப்பும் வகை, தசை வெட்டியிழுக்கும் வகை வலிப்புகளை இது கூட்டவும் செய்யும். ஆல்புமின் குறைந்தவர்களிடம் ரத்த அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் புரதத்தோடு ஒட்டாமல் வேலை செய்யும் மருந்து கூடியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுவதால் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. மருந்துகள் என்று பலவற்றின் வேலையைக் குறைக்கும். அவசரத்துக்கு ஏற்றிய மருந்தே டிஸ்சார்ஜ் சீட்டிலும் தொடர்வது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு வருடம் கழித்து ஈறு வீங்கி வந்து நிற்பார்கள். ஆம்ப்யூல் மலிவுதான். அதோடு ஒரு செவிலியரின் 40 நிமிடமும் ஒரு மானிட்டரும் விலைப்பட்டியலில் வருவதில்லை.

## ஃபாஸ்ஃபெனிடாயின்: கைக்கு நல்லது, கணக்குக்குக் கெட்டது

உடலுக்குள் போய் ஃபெனிடாயினாக மாறும் மருந்து. தண்ணீரில் கரையும், புரோப்பிலீன் கிளைக்கால் கிடையாது, டெக்ஸ்ட்ரோஸிலும் கலக்கலாம், தசையிலும் போடலாம். கை வேகும் பயம் வெகுவாகக் குறைகிறது.

இதயத்தின் மீதான பயம் குறைவதில்லை. மானிட்டர் இதற்கும் வேண்டும், ஏற்றி முடித்து 20 நிமிடம் வரை. நிமிடத்துக்கு (ஃபெனிடாயின் கணக்கில்) 150 மி.கி. வரை ஏற்றலாம் என்பதால் 60 கிலோவுக்கு 8 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பாதி மருந்து ஃபெனிடாயினாக மாறவே சுமார் 15 நிமிடம் ஆகும். வேகத்தில் கிடைக்கும் லாபம் பார்ப்பதைவிடக் குறைவு.

என்னை உறுத்துவது அளவுக் குறியீடு. 1.5 மி.கி. ஃபாஸ்ஃபெனிடாயின் 1 மி.கி. ஃபெனிடாயினுக்குச் சமம். லேபிளில் 75 என்றும் 50 என்றும் இரண்டு எண் இருக்கலாம். ஒன்று மருந்தின் எடை, மற்றது ஃபெனிடாயின் சமஎடை, இரண்டுமே ஒரு மி.லி.க்கு. அதை முழு வயலின் அளவு என்று படித்துப் பத்து மடங்கு ஏற்றிய மரணங்கள் பதிவாகியுள்ளன. எழுதும்போது எப்போதும் 'ஃபெனிடாயின் சமஎடை' என்றே எழுதுங்கள். பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதே பிரிக்க உதவும். ஏற்றும்போது இடுப்புக்குக் கீழே அரிப்பு வந்தால் அலர்ஜி என்று பதற வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போய்விடும்.

சிரை மோசமான குழந்தைக்கு, ஃபெனிடாயின்தான் வேண்டும் என்ற நிலையில், நான் இதைத்தான் கேட்பேன்.

## லெவடிராசிட்டம்: ஆள் குறைந்த இரவுக்கு

கிலோவுக்கு 60 மி.கி., உச்சம் 4500. 60 கிலோவுக்கு 3600 மி.கி., அதாவது 36 மி.லி.; 500 மி.கி. வயலில் ஏழும் எட்டாவதில் கொஞ்சமும். சலைன், டெக்ஸ்ட்ரோஸ், ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) எதிலும் 100 மி.லி.யில் கலந்து 10 முதல் 15 நிமிடத்தில் விடலாம். சொட்டு எண்ணுவதில் சற்றுப் பிசகினாலும் இதயம் நிற்காது. புரதத்தோடு அதிகம் ஒட்டாது, பிற மருந்துகளோடு சண்டையும் அநேகமாக இல்லை. பிரிட்டன் குழந்தைகள் ஆய்வில் வலிப்பு நிற்க ஆன இடைநிலை நேரம் இதில் 35 நிமிடம், ஃபெனிடாயினில் 45.

குறையே இல்லையா? இருக்கிறது. முதல் குறை நம்முடையது: பழக்கதோஷத்தில் "லெவி 1 கிராம்" என்று எழுதுவது. ஆய்வில் சமமாக நின்றது 60 மி.கி. கணக்கு; ஒரு கிராம் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பது லோராசிபாம் கதையேதான். இரண்டாவது, சிறுநீரகம். மூன்றில் இரண்டு பங்கு மாறாமல் சிறுநீரில் போவதால் தொடர் அளவை கிரியாட்டினினுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும், டயாலிசிஸ் முடிந்ததும் கூடுதல் டோஸ் தர வேண்டும். மூன்றாவது, மனநிலை. இரண்டு நாளில் "டாக்டர், இவர் இப்படி எரிந்து விழமாட்டாரே" என்று வீட்டார் சொன்னால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம். மனநோய் வரலாறு உள்ளவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பேன்.

## வால்ப்ரோயேட்: ஆளைத் தெரிந்தால் அருமையான மருந்து

கிலோவுக்கு 40 மி.கி., உச்சம் 3000. 60 கிலோவுக்கு 2400 மி.கி., 500 மி.கி. வயல் ஐந்து, 10 நிமிடம். பி.பி.யையும் துடிப்பையும் அதிகம் தொடாது. மரபணு சார்ந்த பொதுவகை (மூளை முழுவதையும் பிடிக்கும்) வலிப்பு உள்ளவர், காலையில் கை வெட்டியிழுக்கும் இளைஞர், ஏற்கெனவே வால்ப்ரோயேட் சாப்பிட்டு நாலு நாளாய் விட்டுவிட்டவர்: இவர்களுக்கு இதுதான் என் முதல் கை.

ஆனால் யாரென்றே தெரியாத, மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கு இதைத் தொடங்கத் தயங்குவேன். கல்லீரல் நோய், யூரியா சுழற்சிக் குறை, மைட்டோகாண்ட்ரியா நோய் இருந்தால் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையில் இவை வெளியே தெரியாமலே இருக்கலாம். கர்ப்பம் தரித்தவர், தரிக்கக்கூடியவர் என்றால் வேறு வழி இருக்கும்போது தவிர்க்க வேண்டும். தட்டணுவைக் குறைக்கும் என்பதால் மூளை அறுவைக்குப் போகிறவருக்கும் யோசனைதான். கல்லீரல் சோதனை சரியாக இருந்தும் நோயாளி மந்தமாகிக்கொண்டே போனால் ரத்தத்தில் அமோனியா பாருங்கள்.

ஐ.சி.யு.வில் ஒளிந்திருக்கும் பொறி மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக். அதைச் சேர்த்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு ஓரிரு நாளில் சரிந்துவிடும், டோஸைக் கூட்டினாலும் ஏறாது. காய்ச்சலுக்கு ஒருவர் மெரோபெனம் எழுதுவார், ஃபிட்ஸ் திரும்பியதற்குக் காரணம் இன்னொருவர் தேடுவார்.

## ஒரே பார்வையில் (60 கிலோ பெரியவர்)

| | ஃபெனிடாயின் | ஃபாஸ்ஃபெனிடாயின் | லெவடிராசிட்டம் | வால்ப்ரோயேட் |
|---|---|---|---|---|
| மொத்த அளவு | 1200 மி.கி. | 1200 மி.கி. (சமஎடை) | 3600 மி.கி. | 2400 மி.கி. |
| குறைந்தபட்ச நேரம் | 24 நிமிடம். முதியவருக்கு 48 | 8 நிமிடம் | 10–15 நிமிடம் | 10 நிமிடம் |
| எதில் கலப்பது | நார்மல் சலைன் மட்டும் | சலைன், டெக்ஸ்ட்ரோஸ் | சலைன், டெக்ஸ்ட்ரோஸ், ஆர்.எல். | சலைன், டெக்ஸ்ட்ரோஸ், ஆர்.எல். |
| ஈ.சி.ஜி. மானிட்டர் | கட்டாயம் | கட்டாயம் | மருந்துக்காகத் தேவையில்லை | மருந்துக்காகத் தேவையில்லை |
| சிரைக்கு ஆபத்து | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | குறைவு |
| முதலில் கேட்க வேண்டியது | இதயம், ஓடும் டிரிப் | லேபிளில் எந்த எண் | சிறுநீரகம், மனநிலை | கல்லீரல், கர்ப்பம், மெரோபெனம் |

லகோசமைட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து பற்றியும் கேட்கிறார்கள். 200 முதல் 400 மி.கி., கலக்க எளிது, ஆனால் ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளியை (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் நேரம்) நீட்டும், நான் அதை மூன்றாவது கைக்கு வைத்திருப்பேன். பச்சிளம் குழந்தை என்றால் கதையே வேறு. அங்கே ஃபீனோபார்பிடோன்தான் முதல். 2020இல் வெளியான பச்சிளம் குழந்தைகள் ஆய்வில் 24 மணி நேரம் வலிப்பின்றி இருந்தவர்கள் அதில் 80%, லெவடிராசிட்டத்தில் 28%.

## சூழ்நிலைக்கு எது

பம்பும் மானிட்டரும் இல்லை, நாற்பது படுக்கைக்கு ஒரு சிஸ்டர்: லெவடிராசிட்டம். எழுபது வயது, பழைய மாரடைப்பு: அதுவே, அல்லது வால்ப்ரோயேட். கல்லீரல் கெட்ட நோயாளி: லெவடிராசிட்டம். டயாலிசிஸில் இருப்பவர்: கல்லீரல் சரியென்றால் வால்ப்ரோயேட், லெவடிராசிட்டத்தின் முதல் டோஸையும் தரலாம், தொடர் அளவில்தான் கவனம். மாத்திரையாக ஃபெனிடாயின் சாப்பிட்டு விட்டுவிட்டவர், நல்ல சிரை, மானிட்டர் உள்ள ஐ.சி.யு.: ஃபெனிடாயினை ஒதுக்கக் காரணமே இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும் அதன் மேல் முழு லோடிங் ஏற்றாதீர்கள். இந்த மருந்தின் அளவு ஒரு கட்டத்துக்கு மேல் நேர்கோட்டில் ஏறாது, எகிறும்.

தாலுகா மருத்துவமனையிலிருந்து 108இல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆம்புலன்ஸில் ஃபெனிடாயின் ஓடிக்கொண்டே போனால் வண்டி குலுங்கும்போது வேகம் மாறும், லைன் நழுவும், கையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஏற்றி முடித்து அனுப்ப வேண்டும், அல்லது 15 நிமிடத்தில் முடியும் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரெஃபரல் சீட்டில் "எப்டாயின் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அங்கே இருக்கும் டூட்டி டாக்டர் என்ன செய்வார்? 100 மி.கி.யா 1200 மி.கி.யா என்று தெரியாமல் இன்னொரு லோடிங் ஏற்றுவார், அல்லது பயந்துகொண்டு எதுவுமே கொடுக்க மாட்டார். நோயாளியின் எடை, மருந்து, மொத்த மி.கி., தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கை என்று ஆறு விஷயமும் எழுதுங்கள். சீட்டு தொலையும் என்பதால் நான் அதையே பிளாஸ்டரில் எழுதி, ஊசி ஏறிய கைக்கு மறு கையில் ஒட்டியும் அனுப்புவேன்.